தங்கச்சிக்கு வளைகாப்பு: நடத்தலாமா, விட்டுடலாமா?

எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சிக்கு இது ஏழாம் மாசம், வர்ற வெள்ளிக்கிழமை மதுரைல எங்க வீட்டுலயே வளைகாப்புன்னு மார்ச்லயே நாள் குறிச்சாச்சு, அப்போ கொரோனா கேஸ் கம்மி. இப்போ ரெண்டாவது அலை, நிலைமையே வேற. அறுபது பேருக்குச் சொல்லியிருக்கோம், மாப்பிள்ளை வீட்டுல இருபது பேர் சென்னைலேர்ந்து வேன்ல வர்றாங்க. 2021 ஏப்ரல் 26லேர்ந்து கல்யாணத்துக்கு 50 பேர், சாவுக்கு 25 பேர்னு அரசு குறைச்சிருச்சுல்ல, அம்மா என்ன சொல்றாங்கன்னா கல்யாணத்துக்கே அம்பது பேர் விடுறாங்க, நாமளும் அம்பது பேரோட முடிச்சுக்கலாம், தலைப்பிள்ளை, இந்த நாள் திரும்ப வராதுன்னு. தங்கச்சி வாயே திறக்கல, ராத்திரி எனக்கு மட்டும் "பயமா இருக்குக்கா"ன்னு மெசேஜ் போட்டா. என்ன பண்றது?

வார்டு நர்ஸ்:
சிஸ்டர், 50ங்கறது சட்டம் விடுற அளவுதான், அம்பது பேர் வந்தா ஒண்ணும் ஆகாதுன்னு அர்த்தம் இல்ல. கல்யாணத்துல பொண்ணு மேடைல நிப்பா, வளைகாப்புல அப்படியா? ஒவ்வொரு பொம்பளையும் முன்னாடி குனிஞ்சு கன்னத்துல சந்தனம் தடவி, குங்குமம் வச்சு, கையைப் பிடிச்சு வளையல் போட்டுட்டு ரெண்டு வார்த்தை பேசிட்டுத்தான் நகருவாங்க. முப்பது பேர்னா முப்பது தடவை, அவ மூஞ்சிக்கு ஒரு முழ தூரத்துல, அதுவும் சந்தனம் பூசணும்னா அவ மாஸ்க்கை இறக்கியே ஆகணும். வாசல்ல காய்ச்சல் பாத்தா போதும்னு நம்பாதீங்க, அறிகுறி வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே பரவ ஆரம்பிச்சிரும். கடைசி மூணு மாசத்துல வயிறு மேல ஏறி மூச்சுக்கே சிரமம், அதுல இதுவும் வந்தா தாங்குறது ரொம்ப கஷ்டம். கர்ப்பிணிங்களுக்கு இந்த 2021 ஏப்ரல் வரைக்கும் தடுப்பூசியும் போட ஆரம்பிக்கல. நான் தினம் பாக்குறேன், தயவுசெஞ்சு வேண்டாம்.

மேலூர் தம்பி:
மொட்டை மாடில பந்தல் போட்டு காத்தோட்டமா நடத்தலாமேக்கா? முழுசா நிறுத்தினா பெரியவங்க மனசு உடைஞ்சு போயிரும்.

குழலி:
தம்பி, மாடில காத்து இருக்கு, ஆனா சென்னைலேர்ந்து ஏசி வேன்ல ஏழெட்டு மணி நேரம் ஒண்ணா உக்காந்து வர்றவங்களுக்கு? பந்தில மாஸ்க் போட்டுட்டா சாப்பிடுவாங்க? போன வருஷம், 2020 மார்ச் 10, அமெரிக்கால வாஷிங்டன் மாநிலத்துல ஒரு பாட்டுக்குழு ரெண்டரை மணி நேரம் பிராக்டீஸ் பண்ணாங்க, வந்தது 61 பேர், அதுல ஒருத்தருக்கு லேசா சளி மாதிரி இருந்துச்சாம், கடைசில 53 பேருக்கு நோய், ரெண்டு பேர் செத்துட்டாங்க. நம்ம வளைகாப்புலயும் சுத்தி நின்னு பாடுவோமே.

எனக்கே போன ஆகஸ்ட்ல வளைகாப்பு. எங்கம்மா, பக்கத்து வீட்டுல இருக்குற சித்தி, ரெண்டு பேர்தான் வளையல் போட்டாங்க. மத்தவங்க கொடுத்தனுப்பின வளையலை அம்மா ஒவ்வொருத்தர் பேரா சொல்லிப் போட்டுவிட்டாங்க, அத்தை பேர் வந்தப்ப நான் அழுதுட்டேன். கலவை சாதம் கட்டி வீடு வீடா வாசல்ல வச்சுட்டு வந்தாங்க. ஒண்ணே ஒண்ணு, வராதீங்கன்னு வாட்ஸ்அப்ல போட்றாதீங்க, அம்மாவே போன் போட்டுச் சொல்லணும், அதுலதான் பாதி வருத்தம் தீரும்.

கேட்டவர்:
நர்ஸ் அக்கா எழுதினதை அம்மாவுக்கு அப்படியே படிச்சுக் காமிச்சேன், அந்த முப்பது தடவை கணக்கைக் கேட்டதும் ரொம்ப நேரம் பேசாம உக்காந்துட்டாங்க. அப்புறம் அவங்களே தங்கச்சி மாமியாருக்குப் போன் போட்டாங்க, அந்தம்மாவும் இதையேதான் யோசிச்சுக்கிட்டு இருந்திருக்காங்க, நம்மகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தயங்கிட்டு. வேன் வேண்டாம்னு சொல்லியாச்சு. அம்மா இன்னும் போன்லதான் இருக்காங்க, பத்து வீடு பாக்கி.