ஓவர்வாட்ச் லீக் ஏன் மூடப்பட்டது? "யாரும் பார்க்கவில்லை" என்பது மட்டும்தானா காரணம்?

ஷாங்காய்_ரசிகன் கேட்டது:

2018 ஜனவரியில் முதல் சீசன் தொடங்கியதிலிருந்து ஓவர்வாட்ச் லீக் (பிளிசார்டின் ஓவர்வாட்ச் என்ற கணினி ஆட்டத்துக்கான தொழில்முறைத் தொடர்) பார்த்தவன் நான். என் அணி ஷாங்காய் டிராகன்ஸ். முதல் சீசனில் ஆடிய 40 ஆட்டங்களிலும் தோற்ற அணி. கலிஃபோர்னியாவின் பர்பேங்க்கில் சாயங்கால ஆட்டம் என்றால் நமக்கு விடிகாலை, அலாரம் வைத்து எழுந்து ஒரு தோல்வியைப் பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்புவேன். 2019 பிப்ரவரியில் பாஸ்டன் அப்ரைசிங்கை ஜெயித்தபோதுதான் தொடர்ச்சியான 42 தோல்விகளுக்கு முடிவு வந்தது. 2021-இல் அதே அணி அட்லான்டா ரெய்னைத் தோற்கடித்துக் கோப்பையே வாங்கியது. விளையாட்டு என்றால் இதுதான் என்று நம்ப வைத்த அணி அது.

2023 அக்டோபர் 1 அன்று டொரன்டோவில் கடைசி இறுதிப்போட்டி, ஃப்ளோரிடா மேஹெம் ஜெயித்தது. நவம்பரில் லீக் இனிமேல் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். இது பற்றிப் பேச்செடுத்தாலே "யாரும் பார்க்கலை, மூடிட்டாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். 20 அணிகள், மூன்று கண்டங்கள், அவ்வளவு முதலீடு, எல்லாம் ஆறே சீசனில் எப்படிக் கவிழும்? ஆரம்பத்திலிருந்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

பழைய_வின்ஸ்டன்:

பார்வையாளர்கள் குறைந்தது உண்மை, ஆனால் அது நோயின் அறிகுறி. நோய் ஆரம்பத்திலேயே இருந்தது என்பது என் கருத்து.

2017-இல் லீக்கில் ஓர் அணிக்கான இடம் சுமார் 2 கோடி டாலர் என்று செய்தி வந்தது. வாங்கியவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை, பாஸ்டனை வாங்கியது அமெரிக்க ஃபுட்பால் அணியான நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸின் உரிமையாளர் ராபர்ட் கிராஃப்ட், லாஸ் ஏஞ்சல்ஸ் கிளாடியேட்டர்ஸின் பின்னால் இருந்தது ஆர்சனல் வைத்திருக்கும் கிரோன்கி குடும்பம். இவர்களிடம் சொல்லப்பட்ட கணக்கு இதுதான்: ஒவ்வொரு ஊரிலும் சொந்த அரங்கம், டிக்கெட், உள்ளூர் ஸ்பான்சர், ஜெர்சி விற்பனை. ஆனால் முதல் இரண்டு சீசனும் பெரும்பாலான ஆட்டங்கள் பர்பேங்க்கில் ஒரே ஸ்டுடியோவில்தான் நடந்தன. லண்டன் ஸ்பிட்ஃபயர் 2018-இல் சாம்பியன், ஆனால் லண்டனில் இருக்கும் ரசிகர் அந்த அணியை நேரில் பார்க்கக் கடல் தாண்டிப் போக வேண்டும். அணியில் ஆடியவர்கள் எல்லாரும் கொரியர்கள். நல்ல ஆட்டக்காரர்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊருக்கும் அணிக்கும் என்ன உறவு என்ற கேள்விக்குத்தான் கடைசி வரை பதில் வரவில்லை.

சரி, 2020-இல் ஒருவழியாக ஊர் ஊராக ஆட ஆரம்பித்தார்கள். பிப்ரவரியில் தொடங்கியது, மார்ச்சில் கொரோனா வந்து அரங்குகளை மூடியது, எல்லாம் ஆன்லைனுக்குப் போனது. அதே வருடம்தான் ஒளிபரப்பை, கேம் நேரலைகளுக்கான தளமான ட்விச்சை விட்டு யூடியூபுக்கு மாற்றினார்கள். ட்விச்சில் வேறு எதையோ பார்க்க வந்து தற்செயலாக லீக்குக்குள் நுழைந்த கூட்டம் அத்தோடு போயிற்று.

இதற்கு நடுவில் ஆட்டத்தையே பட்டினி போட்டார்கள், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. 2020 ஏப்ரலில் எக்கோ என்ற புது ஹீரோ (ஆட்டக்காரர்கள் எடுத்து ஆடும் கதாபாத்திரம்) வந்தாள். அடுத்த புது ஹீரோக்கள் 2022 அக்டோபரில் ஓவர்வாட்ச் 2 வெளியாகும்போதுதான். இரண்டரை வருடம் ஒரு புது ஹீரோகூட இல்லாத ஆட்டத்தை வைத்துக்கொண்டு லீக் நடத்தினால் எவன் உட்கார்ந்து பார்ப்பான்? 2021 ஜூலையில் பாலியல் துன்புறுத்தல், பாகுபாடு என்று கலிஃபோர்னியா அரசு ஆட்டத்தை உருவாக்கிய ஆக்டிவிஷன் பிளிசார்ட் மீது வழக்குப் போட்டது, ஸ்பான்சர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். 2023 ஜனவரியில், சீனாவில் ஆட்டத்தை வெளியிட்டுவந்த நெட்ஈஸ் நிறுவனத்துடனான ஒப்பந்தம் முடிந்து அங்கே ஆட்டமே நின்றுபோனது. லீக்கில் நான்கு அணிகள் சீனாவைச் சேர்ந்தவை, உங்கள் ஷாங்காயும் அதில் ஒன்று. சொந்த நாட்டில் திறக்கவே முடியாத ஆட்டத்துக்கு அங்கே அணி வைத்து என்ன செய்வது?

2023 ஜூலையில் நிறுவனத்தின் காலாண்டு அறிக்கையிலேயே எழுதிவிட்டார்கள்: அணிகள் புதிய ஒப்பந்தத்துக்கு வாக்களிக்கும், வேண்டாம் என்றால் அணிக்கு 60 லட்சம் டாலர், மொத்தம் சுமார் 11.4 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொள்ளலாம். லீக்கின் வருமானம் நிறுவனத்தின் மொத்த வருமானத்தில் 1 சதவீதத்துக்கும் குறைவு என்றும் அதில் இருந்தது. அதைப் படித்த அன்றே முடிவு தெரிந்துவிட்டது. நவம்பர் அறிவிப்பு வெறும் சம்பிரதாயம்.

மஞ்சள்_ஜெர்சி:

ஊர் பெயர் விஷயத்தில் வின்ஸ்டன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நம்மூரில் 2016, 2017 இரண்டு ஐபிஎல் சீசனில் சிஎஸ்கே இல்லவே இல்லை, 2018-இல் திரும்பி வந்ததும் அதே கூட்டம் அப்படியே வந்து நின்றது, அந்த வருடம் கோப்பையும் ஜெயித்தார்கள். அந்தக் கூட்டம் ஃபிரான்சைஸ் விற்றதால் வரவில்லை, ஐபிஎல்லுக்கு முன்னாலிருந்தே சேப்பாக்கத்தில் கிரிக்கெட் பார்த்துப் பழகிய ஊர். ஓவர்வாட்ச் 2016-இல்தான் வெளியானது, அடுத்த வருடமே ஊர் ஊராக அணி விற்றார்கள். யாருக்கும் பழக நேரம் கொடுக்கவில்லை.

அதற்கு முன்னால் கொரியாவில் ஓஜிஎன் என்ற கேம் தொலைக்காட்சி நடத்திய ஏபெக்ஸ் என்ற தொடர் பிரமாதமாக இருந்தது. லுனாடிக்-ஹாய் இரண்டு முறை ஜெயித்தது, அந்த அணிக்கென்று கத்த உண்மையான ரசிகர்கள் இருந்தார்கள். லீக் வந்ததும் ஏபெக்ஸ் நின்றது, லுனாடிக்-ஹாய் சியோல் டைனஸ்டி ஆனது. இருந்த வீட்டை இடித்துவிட்டுத்தான் மாளிகை கட்டினார்கள்.

சப்போர்ட்_காரி:

நீங்கள் இருவரும் சொல்வது சரிதான், ஆனாலும் ஃபிரான்சைஸ் என்றாலே திட்டுவதை நான் ஏற்கமாட்டேன். அந்தப் பணம்தான் ஆட்டக்காரர்களுக்கு வருடத்துக்குக் குறைந்தது 50,000 டாலர் சம்பளம், மருத்துவக் காப்பீடு, தங்க இடம் எல்லாம் கொடுத்தது. அதற்கு முன்னால் பரிசுப் பணத்தை நம்பி, அதுவும் கைக்கு எப்போது வரும் என்று தெரியாமல் ஆடிய பையன்கள் எத்தனையோ பேர்.

கொரிய ஆட்டக்காரி கேகுரியை மறந்துவிட்டீர்களா? 2016-இல் அவள் ஜார்யா என்ற ஹீரோவை எடுத்து ஆடியதைப் பார்த்துவிட்டு ஏதோ மோசடி செய்கிறாள் என்றார்கள், கேமரா முன்னால் ஆடிக் காட்டி வாயை அடைத்தாள். 2018-இல் லீக்கின் முதல் பெண் ஆட்டக்காரியாக ஷாங்காயில் சேர்ந்தாள். ஒவ்வொரு வாரமும் தோற்கிற அணி என்று தெரிந்தும் அவளுக்காகவே பார்த்த பெண்கள் நிறைய பேர் உண்டு, நானும் ஒருத்தி.

என் கோபம் வேறு இடத்தில். ஓவர்வாட்ச் 2-இல் அணிக்கு ஆறு பேர் என்பதை ஐந்தாகக் குறைத்தார்கள், போனது ஒரு டேங்க், அதாவது முன்னால் நின்று அடி வாங்கி அணியைக் காப்பவர். ஒரே ஒரு டிசைன் முடிவில் ஒவ்வொரு அணியிலும் ஆஃப்-டேங்க் என்ற இரண்டாவது டேங்க்கின் வேலையே காணாமல் போனது. டி.வாவையும் ஜார்யாவையும் வைத்து வருடக்கணக்கில் உயிரைக் கொடுத்துப் பழகியவர்கள் மெயின் டேங்க்குகளோடு ஒரே இடத்துக்கு மோத வேண்டியதாயிற்று. லீக் மூடியதற்கு எல்லாரும் அழுதார்கள், இவர்களுக்காக அவ்வளவாக யாரும் பேசவில்லை.

நெக்ஸஸ்_அகதி:

பிளிசார்டின் இன்னோர் ஆட்டமான ஹீரோஸ் ஆஃப் தி ஸ்டார்ம் பக்கத்திலிருந்து வருகிறேன். உங்கள் லீக் மூடப்போகிறது என்று மாதக்கணக்கில் முன்னாடியே தெரிந்தது, அணிகள் வாக்களித்தன, கைக்குக் கொஞ்சம் பணமும் வந்தது. எங்கள் ஆட்டத்தின் தொழில்முறைத் தொடரான ஹெச்ஜிசி-க்கு என்ன நடந்தது தெரியுமா? 2018 நவம்பரில் பிளிசார்டின் ரசிகர் விழாவான பிளிஸ்கானில் இறுதிப்போட்டி, ஜென்.ஜி அணி சாம்பியன். 2019 சீசனுக்கு எல்லாரும் தயாராகிக்கொண்டிருந்தார்கள். டிசம்பர் 13 அன்று நிறுவனத்தின் தளத்தில் ஒரு பதிவு: 2019-இல் ஹெச்ஜிசி கிடையாது. அவ்வளவுதான். ஆட்டக்காரர்களும் வர்ணனையாளர்களும் ரசிகர்களான எங்களோடு சேர்ந்து அதே நேரத்தில்தான் அதைப் படித்தார்கள். அடுத்த மாதத்திலிருந்து சம்பளம் இல்லை என்பது கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தெரிகிறது. அன்று ராத்திரி ட்விட்டரில் அவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கமே வரவில்லை.

லீக் மூடுவது வியாபாரம், புரிகிறது, நஷ்டத்தில் எவ்வளவு நாள் நடத்துவார்கள்? ஆனால் அதை நம்பிப் படிப்பை விட்டு வந்த 19, 20 வயதுப் பையன்களை முன்கூட்டியே கூப்பிட்டுச் சொல்ல ஒரு தொலைபேசி அழைப்புகூட ஆகவில்லையே. ரசிகர்கள் அதற்கு அப்புறமும் கைக்காசு போட்டுச் சின்னப் போட்டிகள் நடத்தினார்கள், அதையும் சொல்லியாக வேண்டும்.

ஷாங்காய்_ரசிகன்:

எல்லாருக்கும் நன்றி. ஹெச்ஜிசி கதை எனக்கு இவ்வளவு விவரமாகத் தெரியாது, மனசு கனத்துவிட்டது. கேகுரி பெயரைப் பார்த்ததும் அந்த 2018 ஆட்டங்கள் எல்லாம் ஞாபகத்துக்கு வருகின்றன. ஒன்று மட்டும் கேட்கிறேன், லீக்குக்குப் பதிலாக இப்போது நடக்கிற ஓவர்வாட்ச் சாம்பியன்ஸ் சீரீஸ் தொடர் பார்க்கத் தகுந்ததா? லீக் போன பிறகு நான் எட்டியே பார்க்கவில்லை.

பழைய_வின்ஸ்டன்:

தாராளமாகப் பாருங்கள். 2024 ஜனவரியில் அறிவித்தார்கள், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஈஎஸ்எல் ஃபேஸிட், ஆசியாவில் டபிள்யூடிஜி என்று வெளி நிறுவனங்களிடம் நடத்தக் கொடுத்தார்கள். காசு கொடுத்து இடம் வாங்க வேண்டியதில்லை, தகுதிச் சுற்றில் யார் வேண்டுமானாலும் ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டு இறங்கலாம். 2024-இல் டல்லாஸில் நடந்த முதல் பெரிய போட்டியை கிரேஸி ரக்கூன் என்ற அணி ஜெயித்தது, அதிலிருந்து தொடங்குங்கள். ஸ்டுடியோ பளபளப்பு குறைவு, பழைய லீக் மாதிரி சம்பளப் பாதுகாப்பும் கிடையாது, அதில் சப்போர்ட்_காரி சொன்னது முழுக்க நியாயம். ஆனால் ஆட்டம் நன்றாக இருக்கிறது. ஆசியச் சுற்று கொரிய நேரப்படி நடப்பதால் நீங்கள் விடிகாலையில் எழுந்திருக்கவும் வேண்டாம்.