பதில்: டாக் வெல்டுக்குத் தமிழில் என்ன சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டுதான் இருந்தேன், எழுத நேரம் கிடைக்கவில்லை. (புதியவர்களுக்கு: முழு வெல்டுக்கு, அதாவது முழுப் பற்றவைப்புக்கு முன், துண்டுகள் நகராமல் பிடித்துவைக்க அங்கங்கே வைக்கும் சின்ன வெல்டுதான் டாக்.) பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை விட்டால் எங்களுக்கு அதுதான் வேலைக் காலம். துவாக்குடியில் ஒரு பட்டறையில் தொழில் கற்றவன் நான். இப்போது கலிபோர்னியாவில் ஒரு பள்ளி மாவட்டத்தின் பராமரிப்புப் பிரிவில் வெல்டர். கம்பிவலைக் கதவு, படிக்கட்டுக் கைப்பிடி, விளையாட்டுத் திடல் ஏணி, குப்பைத்தொட்டிக் கூண்டு என்று இரும்பில் உடைவது எல்லாம் எங்களிடம்தான் வரும். (இங்கே பள்ளி மாவட்டம் என்பது நம்மூர்க் கல்வி மாவட்டம் போன்றதன்று. பெரும்பாலும் மக்களே தேர்ந்தெடுக்கும் வாரியம், தனி வரவுசெலவு என்று தனித்து நிற்கும் அமைப்பு. நாடு முழுக்கச் சுமார் 13,000 இருக்கின்றன. அதற்கும் நல்ல சொல் இல்லை. அதை வேறு இழையில் பேசிக்கொள்ளலாம்.)

> ‘தற்காலிகப் பற்றவைப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாமே. பொருள் தெளிவாக இருக்கிறது.

மன்னிக்க வேண்டும் ஐயா, பொருளே அங்கேதான் தவறுகிறது. டாக் தற்காலிகமானதே இல்லை.

போன வாரம் செய்த ஒரு கதவையே எடுத்துக்கொள்கிறேன். துத்தநாகம் பூசிய குழாய் நான்கு. முனையில் ஓர் அங்குலத்துக்குப் பூச்சைத் தேய்த்து எடுத்தாக வேண்டும். துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும், இரும்பு உருக 1,538 டிகிரி வேண்டும். அப்படியே வெல்டிங்கின் மின்வில்லை (ஆர்க்) மூட்டினால் இரும்பு இளகுவதற்குள் வெள்ளைப் புகை கிளம்பி, அன்று இரவு குளிர்காய்ச்சலில் கொண்டுபோய் விடும். தேய்த்த குழாய்களை மேசையில் சட்டமாக வைத்து நான்கு மூலையிலும் மிளகளவுக்கு ஒவ்வொரு டாக். அப்புறம் குறுக்கே மூலைக்கு மூலை நாடா பிடித்தேன். ஒரு குறுக்கு கால் அங்குலம் கூடுதல். சுத்தியலால் நீண்ட மூலையில் இரண்டு தட்டு, திரும்ப அளவு, சரி. அதன்பிறகுதான் முழு வெல்டு. அதையும் ஒரு மூலையில் ஓட்டிவிட்டு எதிர்மூலைக்குப் போக வேண்டும். ஆறும்போது வெல்டு சுருங்கும், ஒரே பக்கமாக ஓட்டினால் கதவு முறுக்கிக்கொள்ளும்.

அந்த நான்கு டாக்கும் இப்போது எங்கே? முழு வெல்டோடு உருகிக் கலந்து உள்ளேயே இருக்கின்றன. சென்ட்ரிங் பலகை தற்காலிகம், கான்கிரீட் இறுகியதும் பிரித்துவிடுகிறோம். தையற்காரர் நூலோட்டுவதும் தற்காலிகம், தைத்து முடித்ததும் உருவிவிடுவார். டாக்கை அப்படி யாரும் உருவுவதில்லை. தடித்த தகட்டில் சின்ன டாக் வைத்தால் சட்டென்று ஆறி, இறுகி, விரிசல் விடும். மேலே ஓட்டிய வெல்டு அழகாக அதை மூடிவிடும். அதனால்தான், முழு வெல்டோடு சேரப்போகிற டாக்குக்கும் முழு வெல்டுக்குரிய தரத்து வெல்டிங் ராடுதான் வேண்டும் என்று அமெரிக்காவின் கட்டமைப்பு எஃகு வெல்டிங் விதிநூல் டி1.1 சொல்கிறது. ‘தற்காலிகம்’ என்று கற்ற பையன் அதற்குக் கையில் கிடைத்த ராடை எடுப்பான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பேச்சில் அடைமொழி நிற்காது, உதிர்ந்துவிடும். பல வருடங்களுக்கு முன் நான் இருந்த ஒரு பட்டறையில் நடந்தது இது. ஒரு கைப்பிடியின் தாங்கிகளுக்கு டாக் மட்டும் வைத்துவிட்டு ஒருவர் வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த முறைக்காரரிடம் சொன்னது “வெல்டு வெச்சாச்சு” என்று. அவர் பெயின்ட் அடித்துவிட்டார். பெயின்டுக்கு மேலே பார்த்தால் யாருக்குத் தெரியும்? மாட்டப் போன இடத்தில் வழக்கம்போலப் பிடித்து உலுக்கினேன், ஒரு தாங்கி ‘டக்’கென்று கையோடு வந்துவிட்டது. படியில் ஒரு பிள்ளை சாய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ‘தற்காலிகப் பற்றவைப்பு முடிந்தது’ என்பது இரண்டாவது வாய்க்கு வரும்போது ‘பற்றவைப்பு முடிந்தது’ ஆகிவிடும். அதனால் டாக்குக்குத் தனிப்பெயர்ச்சொல் வேண்டும். வெல்டிங்குக்கு அடைமொழி சேர்த்து ஒப்பேற்றக்கூடாது என்பது என் கட்சி.

‘புள்ளிப் பற்றவைப்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது ஸ்பாட் வெல்டிங்குக்கு வேண்டும், கைவைக்காதீர்கள். இரண்டு செப்பு முனைகளுக்கு நடுவே தகடுகளை அழுத்தி மின்சாரம் பாய்ச்சுகிற அந்த வேலை வேறு. காரின் இரும்பு உடலில் பெரும்பாலும் அதுதான். இழையில் வந்த ‘நூலோட்டு’ எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் உருவி எடுக்கும் பொருள் அதோடேயே வருகிறது.

நான் முன்வைப்பது பிடிப்பொட்டு.

டாக் பார்வைக்குப் பொட்டுத்தான். செய்யும் வேலை பிடித்து வைப்பது. பிடி + பொட்டு. இலக்கணம் தெரிந்தவர்கள் உடனே, இதைப் பிடிப்பு + ஒட்டு என்றும் பிரிக்கலாமே என்பார்கள். பிரியுங்கள். பிடிப்புக்காக வைத்த ஒட்டு என்றாலும் அதே பொருள்தானே வருகிறது? எந்தப் பக்கம் பிரித்தாலும் தப்பாகாத சொல் நமக்கு அடிக்கடி கிடைப்பதில்லை. வினையாக, பிடிப்பொட்டு வைத்தல். பட்டறையில் சுருக்கிப் ‘பொட்டு’ என்றாலும் ‘பற்றவைப்பு’ என்று காதில் விழாது. என் கவலை அதுதான்.

வாக்கியத்தில் போட்டுப் பார்க்கிறேன். “நாலு மூலையிலும் பொட்டு வைத்துவிட்டு மூலைமட்டம் பார்.” “ஏறுசட்டத்தின் குறுக்குக் கம்பிகளைப் பிடிப்பொட்டு நிலையிலேயே அளந்துவிடு.” இந்த இரண்டாவது நான் நிஜமாகவே தினமும் சொல்வது. விளையாட்டுத் திடல் சாமான்களில் கம்பிகளுக்கு நடுவே அடைபட்ட இடைவெளி 3.5 அங்குலத்துக்கும் 9 அங்குலத்துக்கும் நடுவில் இருக்கக்கூடாது. பிள்ளையின் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும் அளவு அது. பொட்டாக இருக்கும்போது கண்டுபிடித்தால் ஒரு தட்டில் கழற்றிவிடலாம். முழு வெல்டுக்குப் பிறகு என்றால் கட்டிங் வீல்தான்.

> அப்படியானால் ‘பற்றவைப்பு’ என்ற சொல்லையே மாற்ற வேண்டாமா?

மாற்ற வேண்டாம், வேரூன்றிவிட்டது. ஆனால் அதனால் வரும் கூத்தை ஒப்புக்கொள்கிறேன். பள்ளி வளாகத்தில் நாங்கள் வேலை தொடங்கும் முன் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், 35 அடிக்குள் எரியக்கூடிய எதையும் அகற்றவோ மூடவோ வேண்டும், முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் ஒருவர் தீக்காவல் நிற்க வேண்டும். அந்த இடத்தில் ‘பள்ளியில் பற்றவைப்பு நடைபெறுகிறது’ என்று தமிழில் பலகை வைத்தால் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

சொல்லின் பழைய வீடு பொற்கொல்லர் பட்டறை. ‘பற்றாசு’ (இணைப்பில் வைத்து உருக்கும் உலோகம்) வைத்து ஊதி நகையை இணைப்பதுதான் பற்றவைத்தல். வெண்பா இலக்கணத்தில் ஆசிடை நேரிசை வெண்பா என்று படித்திருப்பீர்கள். இரண்டு குறளை ஒட்டும்போது முதற்குறளின் இறுதிச் சீருக்கும் தனிச்சொல்லுக்கும் நடுவே ஓரசையோ ஈரசையோ சேர்ப்பார்கள், அதுவே ஆசு. பெயர் இந்தப் பற்றாசிலிருந்து வந்ததுதான். பொற்கொல்லர் வேலையில் இரண்டு பக்க உலோகமும் உருகாது, ஆசு மட்டும் உருகிப் பிடிக்கும். நம் வில் வெல்டிங்கில் இரண்டு பக்கமும் உருகிக் கலக்கிறது. ஆகவே சால்டரிங், பிரேசிங் இரண்டையும் பற்றாசின் குடும்பத்திலேயே வைத்துச் சொல் தேடலாம் என்று நினைக்கிறேன். இதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

‘பேப்ரிகேஷன்’ (உலோகத்தை வெட்டி, இணைத்துப் பொருள் செய்வது) பற்றி ஒரே வரி. ‘புனைவு’ வேண்டவே வேண்டாம், கதை எழுதுவது போல இருக்கிறது. ‘உலோகப் பட்டறைவேலை’ போதும்.

நேற்று, திருச்சியில் ஐடிஐ படிக்கும் அக்கா மகனிடம் பிடிப்பொட்டைச் சொல்லிப் பார்த்தேன். “மாமா, பிடிப்பொட்டு பரீட்சையில எழுதுறதுக்கு நல்லாருக்கு. பட்டறையில பொட்டுன்னே சொல்லிக்கிறோம். ஆனா பொட்டு விட்டுப்போச்சுன்னா என்ன சொல்றது?” என்றான். நாங்கள் அந்தக் காலத்தில் “டாக் தெறிச்சிருச்சு” என்போம். பொட்டு தெறிக்குமா, அழியுமா, உதிருமா? எனக்கு ‘உதிர்ந்தது’ சரியாகப் படுகிறது. மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அதன்பிறகு கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம்.