புதுப்பிப்பு: டம்ளர் வரைந்த நான்கு மாதங்கள்

நாற்பது வயதில் ஓவியம் கற்கத் தொடங்கிய எனக்குப் பிறவித் திறமை இல்லையென்றால் விட்டுவிடலாமா என்று நான்கு மாதங்களுக்கு முன் இங்கே கேட்டிருந்தேன். ஒரே பொருளைத் தினமும் வரையுங்கள் என்று ஒருவர் சொன்னார். அதையே செய்தேன்.

காலையில் காபி குடித்து முடித்த பித்தளை டபரா செட்தான் அந்தப் பொருள். முதல் மூன்று வாரங்கள் டம்ளரின் வாயை இரு ஓரங்களிலும் கூராக, மீன் வடிவில் வரைந்து, அடியில் நேர்கோடு போட்டுக்கொண்டிருந்தேன். டம்ளரின் அடி தட்டையானது என்று என் மூளைக்குத் தெரிந்திருந்ததே தடையாக இருந்தது. மேலிருந்து பார்க்கும்போது அடிவளைவு வாய்வளைவைவிடச் சற்று அதிகமாக வளையும் என்பதைக் கண் ஒப்புக்கொள்ள ஒரு மாதமானது. கை நடுக்கம் என்று நான் நினைத்திருந்ததில் பெரும்பகுதி பார்க்கத் தெரியாமைதான்.

ஆர்வம் பாதியில் வற்றியது. மயிலாப்பூர் தெப்பக்குளப் படிகளை வரையப் போய், வெயிலில் எரிச்சலோடு திரும்பிய அந்த வாரத்தில், உற்சாகம் வரட்டும் என்று காத்திராமல் காபிக்குப் பின் பத்து நிமிடம் என்று மட்டும் வைத்துக்கொண்டேன்.

தந்தி இலாகா வேலையை விட்டு 1936இல் சென்னை ஓவியப் பள்ளியில் சேர்ந்த கே.சி.எஸ். பணிக்கர், 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை நிறுவினார் என்பதை எனக்கு ஆறுதலாகச் சிலர் எழுதியிருந்தீர்கள். அவர் சிறுவயதிலேயே வரைந்தவர். அந்த ஒப்பீடு எனக்குப் பொருந்தாது. அடுத்து, டபராவில் விழும் டம்ளரின் பிரதிபலிப்பு.