சீக்வென்ஸ் பெரிசா, கலர் பெரிசா? போக்கரில் வந்த தகராறு

கேள்வி:
எங்கள் வீட்டில் எல்லோரும் மூணு சீட்டு ஆடிப் பழகியவர்கள். இப்போது புளியங்கொட்டை வைத்து டெக்சாஸ் ஹோல்டம் ஆடுகிறோம் (ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு வரும் போக்கர்). நேற்று நடுவில் விழுந்தவை ஆட்டின் 9, ஆட்டின் 8, ஆட்டின் 3, கிளாவர் 7, இஸ்பேட் ராணி. என் கையில் ஆட்டின் ஏஸ், ஆட்டின் 4. ஐந்தும் ஆட்டின், அதாவது கலர். மச்சான் கையில் கிளாவர் ஜாக்கி, டைமன் 10. "ஏழிலிருந்து ஜாக்கி வரை சீக்வென்ஸ், கலரைவிட அதுதான் பெரிசு" என்று கொட்டையை எல்லாம் அள்ளிக்கொண்டார். சரியா?

அப்புறம் இன்னொரு ஆட்டம். நடுவில் ராஜா, ராஜா, 9, 9, ஏஸ். சித்தப்பா இரண்டு 7 வைத்துக்கொண்டு "மூணு ஜோடி" என்கிறார். அத்தையிடம் இஸ்பேட் ராணியும் ஒரு 10-ம். இஸ்பேட் இருப்பதால் அத்தைக்குத்தான் என்கிறார் மச்சான். யாருக்குப் போகணும்?

பதில் 1:
முதல் ஆட்டம் உங்களுக்கு. இரண்டாவது, ஆளுக்குப் பாதி.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் மச்சான் ஒன்றும் இல்லாததைச் சொல்லவில்லை. மூணு சீட்டில் சீக்வென்ஸ்தான் பெரிசு, அதற்குக் கணக்கும் இருக்கிறது. 52 சீட்டிலிருந்து மூன்றை 22,100 விதமாக எடுக்கலாம். அதில் சீக்வென்ஸ் 720, கலர் 1,096. அரிதாக வருவது பெரிசு. ஐந்து சீட்டுக்குப் போனால் மொத்தம் 25,98,960 விதம். அதில் கலர் 5,108, சீக்வென்ஸ் 10,200. ஐந்தும் வரிசையாக அமைவதைவிட ஐந்தும் ஒரே ஜாதியாக அமைவது கஷ்டமாகிவிடுகிறது. அதனால் வரிசை தலைகீழ். மூணு சீட்டிலிருந்து வருபவர்கள் எல்லோரும் தடுக்குகிற இடம் இது, பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள்.

ஏஸ்-2-3 விஷயத்தையும் இப்போதே பேசிவிடுங்கள். மூணு சீட்டில் பல இடங்களில் அது இரண்டாவது பெரிய சீக்வென்ஸ். போக்கரில் ஏஸ்-2-3-4-5 தான் இருப்பதிலேயே சின்னது. ராணி-ராஜா-ஏஸ்-2-3 என்று சுற்றி வந்தால் சீக்வென்ஸே இல்லை.

இரண்டாவது ஆட்டத்தில் ஏழு சீட்டில் சிறந்த ஐந்தை மட்டும் பாருங்கள். இருவருக்கும் ராஜா ராஜா 9 9 ஏஸ், அத்தனையும் நடுவில் கிடப்பவை. ஐந்து சீட்டில் மூணு ஜோடிக்கு ஏது இடம்? சித்தப்பாவின் 7 ஆறாவது, ஏழாவது சீட்டு, அத்தையின் ராணியும் அப்படித்தான், கணக்கிலேயே வராது. இஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர் நான்கும் ஹோல்டமில் சமம், கையை ஒப்பிடும்போது ஜாதி பார்ப்பதில்லை. பாதி பாதிதான்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். ஹோல்டமில் ஏழு சீட்டு இருக்கிறதே, அப்போது அரிது கணக்கு மாறாதா?

பதில் 2:
நல்ல கேள்வி, மாறும்! ஏழு சீட்டிலும் சீக்வென்ஸைவிடக் கலர் அரிதுதான், அதனால் உங்கள் ஆட்டத்தில் மாற்றமில்லை. ஆனால் கீழே ஒரு விசித்திரம் உண்டு. ஒன்றுமே சேராத கை 100-க்கு 17 தடவைதான் வரும். இரண்டு ஜோடி 23 தடவைக்கு மேல், ஒரு ஜோடி கிட்டத்தட்ட 44. அரிதுதான் பெரிசு என்றால் ஒன்றும் இல்லாதவர் இரண்டு ஜோடிக்காரரை ஜெயிக்க வேண்டும். அப்படி ஆடுவதில்லை. எத்தனை சீட்டிலிருந்து பொறுக்கினாலும் கடைசியில் காட்டுவது ஐந்து என்பதால், ஐந்து சீட்டு வரிசையையே வைத்துக்கொண்டார்கள்.