அப்ஸ்ட்ரீமுக்கு ஒரு சொல் வேண்டும் (வெள்ளிக்குள்!)

எல்லோருக்கும் வணக்கம்.

பில்ட்ரூட் என்ற, சிறு கருவிகளில் ஓடும் லினக்ஸைக் கட்டித்தரும் திறமூலத் திட்டத்துக்குப் பங்களிக்க வருபவர்களுக்கான கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். பேக்கேஜ் பொதி, பேட்ச் (நிரலில் செய்த மாற்றத்தை மட்டும் சொல்லும் கோப்பு) ஒட்டு, மெயின்டெய்னர் (வரும் ஒட்டுகளைப் பார்த்துச் சேர்ப்பவர்) பேணுநர், கிராஸ் கம்பைல் (ஒரு கணினியில் இன்னொரு வகைப் பொறிக்காக நிரலைத் தொகுப்பது) குறுக்குத்தொகுப்பு என்று முன்பு பேசி முடித்ததை அப்படியே எடுத்துக்கொண்டேன். (குறுக்குத்தொகுப்பை மறுபடி கிளறாதீர்கள், கும்பிடுகிறேன்.) மாட்டிக்கொண்டது அப்ஸ்ட்ரீமில், அதாவது நாம் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் எங்கிருந்து வருகிறதோ அந்த இடத்தில்.

இந்தச் சொல் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக வருகிறது. பிசிபாக்ஸ் என்ற பொதியை எடுத்துக்கொண்டால் அதை எழுதி வெளியிடும் திட்டம் பில்ட்ரூட்டுக்கு அப்ஸ்ட்ரீம். ஒரு நிறுவனம் பில்ட்ரூட்டையே தனியாகப் பிரித்து வைத்து வேலை செய்தால், அதற்குப் பில்ட்ரூட் அப்ஸ்ட்ரீம். "பிசிபாக்ஸில் பிழை என்றால் ஒட்டை நம் பொதி அடைவில் போட்டுவிட்டு ஓடிவிடாதே, அங்கேயும் அனுப்பு" என்பதுதான் கையேட்டின் உயிரே. மூலத்திட்டம் என்று எழுதிப் பார்த்தேன். "மூலத்திட்டத்தின் மூலநிரல் மூலம்" என்று ஒரு வரி வந்து நின்றது. கணினியை மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

— செ.

-----

தம்பி,

இதற்கு ஏன் இவ்வளவு தவிப்பு? தலைமடை, கடைமடை இருக்கிறதே! வாய்க்காலில் தண்ணீர் முதலில் பாயும் இடம் தலைமடை, கடைசியில் போய்ச் சேரும் இடம் கடைமடை. அப்ஸ்ட்ரீம், டவுன்ஸ்ட்ரீம் இரண்டுக்கும் ஒரே வீச்சில் சொல் கிடைத்துவிட்டது, அதுவும் யாரும் உருவாக்காமல் உழவர் வாயில் கிடந்த சொல். மடை என்பதன் வேர் மடு. மடுத்தல் என்றால் உட்கொள்ளுதல், ஊட்டுதல். செவிமடுத்தல் என்கிறோமே, அதே மடு. நிலத்துக்கு நீர் ஊட்டுவது மடை. ஒரு திட்டம் இன்னொரு திட்டத்துக்கு நிரல் ஊட்டினால் அதுவும் மடைதான்.

— ப.

-----

ஐயா, சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் வகுப்பு எடுக்கிறவள். என் மாணவர்களில் பாதிப் பேர் மடையைப் பார்த்ததே இல்லை. தலைமடை என்று சொன்னால் அதற்கு ஒரு விளக்கம், அப்புறம் அப்ஸ்ட்ரீமுக்கு ஒரு விளக்கம் என்று இரட்டை வேலை. அதோடு பிழைச்செய்தி வந்தால் அவர்கள் தேடப்போவது ஆங்கிலத்தில்தான். தெரியாத ஒன்றைத் தெரியாத இன்னொன்றால் விளக்குவதற்கு அப்ஸ்ட்ரீம் என்றே எழுதிவிட்டுப் போகலாம். லினக்ஸின் உட்கருவான கர்னலை கர்னல் என்றுதானே எழுதுகிறோம்?

— வ.

-----

அம்மா, கர்னல் என்று நீங்கள் எழுதுகிறீர்கள், நான் கருவகம் என்கிறேன். வடசொல்லையே வடஎழுத்தை ஒரீஇ, அதாவது நீக்கித்தான், உள்ளே விடச் சொன்னார் தொல்காப்பியர். உங்கள் சொல்லின் நடுவில் ப், ஸ், ட் என்று மூன்று மெய் முட்டி மோதுகின்றன. எழுத்து ஒரீஇ எழுதினால் உப்புசிட்டிரீம் என்று வரும். பரவாயில்லையா?

மடை என்ற சொல்லின் ஆழம் யாருக்கும் பிடிபடவில்லை போலிருக்கிறது. மடை என்றால் சோறு என்றும் பொருள். மடைப்பள்ளி சமையற்கூடம், மடைநூல் சமையல் நூல். இப்போது பில்ட்ரூட்டைப் போலவே லினக்ஸ் கட்டும் ஓபன்எம்பெடெட், யோக்டோ திட்டங்களின் பக்கம் பாருங்கள். அங்கே கருவியின் பெயரே பிட்பேக், ஒவ்வொரு பொதிக்கும் எழுதும் கோப்பின் பெயர் ரெசிபி. ரெசிபிக்கு மடைக்குறிப்பு, கட்டும் கணினிக்கு மடைப்பள்ளி, அப்ஸ்ட்ரீமுக்குத் தலைமடை. முழுக் கலைச்சொல் தொகுதியும் ஒரே வேரில் முளைத்து நிற்கிறது! சமைப்பவருக்கு மடையர் என்றே பழைய வழக்கு உண்டு, ஆகவே பேணுநரையும்...

— ப.

-----

ஐயா, அங்கேயே நிறுத்திவிடுங்கள். பேணுநரை மடையர் என்று கையேட்டில் எழுதினால் பிறகு நாங்கள் அனுப்பும் ஒட்டை யார் சேர்ப்பார்கள்?

இந்த வேலையே செய்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். தலைமடை தப்பு. புரியாது என்பதால் இல்லை, பொருளே தப்பு. தலைமடை ஒன்றுதான் இருக்க முடியும். அப்ஸ்ட்ரீம் அப்படி இல்லை, யார் நின்று பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. லினக்ஸ் கர்னல் எங்கள் பலகைக்கு (சில்லு பொருத்திய மின்சுற்றுப் பலகை) எப்படி வருகிறது என்று பாருங்கள்: கர்னலின் சொந்தத் தளமான கர்னல்.ஆர்க்கில் இருப்பதைச் சில்லு செய்யும் நிறுவனம் எடுத்துத் தன் மாற்றங்களைக் குவிக்கும், அதைப் பலகை விற்பவர் எடுத்து இன்னும் கொஞ்சம் சேர்ப்பார், அதை நாங்கள் எடுத்து எங்கள் கருவிக்கு வேண்டியதை ஒட்டுவோம். எனக்குப் பலகைக்காரர் அப்ஸ்ட்ரீம், அவருக்குச் சில்லுக்காரர், சில்லுக்காரருக்குக் கர்னல்.ஆர்க். நடுவில் இருக்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒருவருக்கு மேலேயும் இன்னொருவருக்குக் கீழேயும் இருக்கிறார்கள். புதிதாக வருகிறவன் தடுமாறுவதும் இங்கேதான்: பலகைக்காரர் களஞ்சியத்துக்கு ஒட்டை அனுப்பிவிட்டு அப்ஸ்ட்ரீம் செய்துவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பான், அடுத்த பதிப்புக்குக் கர்னல்.ஆர்க்கிலிருந்து புதிதாக இழுக்கும்போது அந்த ஒட்டு காணாமல் போயிருக்கும்.

அதனால் மடைதான் வேண்டும் என்றால் மேல்மடை, கீழ்மடை என்று வையுங்கள். எனக்கு மேலே இருப்பது மேல்மடை. ஆக மேலே இருப்பதைச் சொல்லத் தலைமடையை வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. பில்ட்ரூட்டில் ஒவ்வொரு ஒட்டுக்கோப்பின் தலையிலும் "அப்ஸ்ட்ரீம்:" என்று ஒரு வரி வேண்டும், எங்கே அனுப்பினோம் என்ற சுட்டியோ, அனுப்பாததற்குக் காரணமோ அதில் இருக்க வேண்டும். செக்-பேக்கேஜ் கருவி அதைத் தேடும். யோக்டோவில் அதுவே "அப்ஸ்ட்ரீம்-ஸ்டேட்டஸ்:", அதற்கு பெண்டிங், சப்மிட்டட், பேக்போர்ட், டினைட் என்று குறித்த மதிப்புகள்தான். இவை பொறி படிக்கும் வரிகள். தமிழ்ப்பற்றில் யாரும் இவற்றில் கைவைக்க வேண்டாம்.

— தி.

-----

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். யோக்டோ என்பது 10-இன் −24ஆம் அடுக்கைக் குறிக்கும் முன்னொட்டு. 2022-இல் ரோன்டோ, குவெக்டோ வந்தபிறகு அது ஆகச் சிறியதும் இல்லை. நம்மிடம் முந்திரி 320-இல் ஒரு பங்கு, கீழ்முந்திரி அதிலும் 320-இல் ஒரு பங்கு, அதற்கும் கீழே இம்மி என்று போகிறது. யோக்டோ திட்டத்தை இம்மித் திட்டம் என்று சொன்னால் என்ன?

— நா.

-----

திட்டத்தின் பெயரை மொழிபெயர்க்கக் கூடாது. தயவுசெய்து இதற்குத் தனி இழை தொடங்குங்கள். இன்று புதன்.

தி. சொன்னதை வைத்து மூன்று வரி எழுதிப் பார்த்தேன்.

"ஒட்டை முதலில் மேல்மடைக்கு அனுப்புங்கள்." நன்றாக இருக்கிறது.

"மேல்மடையின் புதிய பதிப்பில் இந்தப் பிழை சரிசெய்யப்பட்டிருந்தால் ஒட்டை நீக்கிவிட்டுப் பதிப்பு எண்ணை ஏற்றுங்கள்." இதுவும் சரி.

"இதை அப்ஸ்ட்ரீம் செய்யுங்கள்." இங்கேதான் இடிக்கிறது. மேல்மடைப்படுத்துங்கள் என்று எழுதக் கை வரவில்லை. மேல்மடையில் சேருங்கள் என்று விரித்து எழுதலாமா?

— செ.

-----

சேருங்கள் என்றால் தவறான பொருள் வரும். சேர்ப்பது பேணுநர். நாம் அனுப்பத்தான் முடியும், அவர் மூன்று தடவை திருப்பி அனுப்பினால் நான்காவது தடவையும் திருத்தி அனுப்பத்தான் முடியும். "மேல்மடைக்குக் கொண்டுசேருங்கள்" என்று எழுதுங்கள், அதில் அந்த முயற்சியாவது தெரிகிறது.

ஆனால் என் அடிப்படைக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. மடையில் நீர் மேலிருந்து கீழேதான் போகும். நீங்கள் சொல்லித்தர நினைப்பதோ கீழிருந்து மேலே அனுப்பு என்று. உருவகம் முதல் பாடத்திலேயே உடைகிறதே?

— வ.

-----

ஆங்கிலத்திலும் அதே உடைசல்தான் டீச்சர். ஸ்ட்ரீமும் மேலே ஓடாது. யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

— தி.

-----

கீழிருந்து மேலே நீரைக் கொண்டுபோக நம்மிடம் ஏற்றம் இருக்கிறது! அப்ஸ்ட்ரீம் செய்தல் = மேலேற்றம். மேலேற்றினேன், மேலேற்றப்பட்டது, எல்லா வடிவமும் வரும்.

— ப.

-----

பதிவேற்றத்தோடு குழம்பும் ஐயா. ஒட்டை யாரும் பதிவேற்றுவதில்லை, கிட் சென்ட்-ஈமெயில் என்ற கட்டளை வழியாக மடலாகத்தான் அனுப்புகிறோம். இதைப் புரியவைக்கவே தனி அதிகாரம் எழுதியிருக்கிறேன், கெடுத்துவிடாதீர்கள்.

நேரம் இல்லை, முடிவு செய்கிறேன். மேல்மடை, கீழ்மடை. வினைக்கு "மேல்மடைக்குக் கொண்டுசேர்". ஒவ்வொரு அதிகாரத்திலும் முதல் தடவை வரும்போது அருகில் அப்ஸ்ட்ரீம் என்று எழுதுகிறேன், வ. அக்காவுக்காக. ஒட்டின் தலைவரிகள் ஆங்கிலத்திலேயே இருக்கும். தி.யும் நானும் ஆதரவு, நா. பதில் சொல்லவில்லை, அதையும் ஆதரவாக எடுத்துக்கொள்கிறேன்.

— செ.

-----

என் எதிர்ப்பைப் பதிவுசெய்துகொள்ளுங்கள். வகுப்பில் நான் அப்ஸ்ட்ரீம் என்றுதான் சொல்லப்போகிறேன். கையேட்டைக் கொடுக்கும்போது மேல்மடை என்றால் அதுதான் என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

— வ.

-----

தோற்றதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் பிழையோடு அச்சேறக் கூடாது. மேல் + மடை என்றால் மேன்மடை. லகரத்தின் பின் மெல்லினம் வந்தால் னகரமாகும், நன்னூலில் இருக்கிறது. மேன்மை என்று எழுதத் தெரிந்தவர்களுக்கு மேன்மடை எழுத என்ன தடை?

— ப.

-----

ஐயா, மேல்மாடி என்றுதானே எல்லோரும் எழுதுகிறோம்? மேன்மாடி என்று யார் எழுதுகிறார்கள்?

— செ.

-----

நான் எழுதுகிறேன்.

— ப.