படிப்பகத்துக்குக் கூரை போட ஆன்லைனில் பணம் திரட்டுவது எப்படி?

கடைமடை:
வணக்கம். பேராவூரணி பக்கம் எங்கள் ஊரில் பசங்களாகச் சேர்ந்து மாலைநேரப் படிப்பகம் நடத்துகிறோம். ஆறாவது முதல் பத்தாவது வரை படிக்கிற பிள்ளைகள் வருவார்கள். காலேஜ் முடித்த இரண்டு பேர் கணக்கும் அறிவியலும் சொல்லித் தருகிறார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் கூரை ஓடுகளைத் தூக்கிக்கொண்டு போனது. அப்போது போட்ட தகரமும் தார்ப்பாயும்தான் இன்றைக்கும் கூரை. ஐப்பசி மழை பிடித்தால் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். கூரை, வயரிங், பெஞ்ச் எல்லாம் சேர்த்து 2,40,000 ரூபாய் ஆகும் என்கிறார் கொத்தனார்.

ஊர்ப் பசங்க சிங்கப்பூரிலும் துபாயிலும் நிறைய இருக்கிறார்கள். கனடாவில் குடியுரிமை வாங்கிவிட்ட ஓர் அண்ணன் 500 டாலர் தருகிறேன் என்கிறார். எங்கள் குழு பதிவு செய்யப்படாதது. என் ஜிபே நம்பரை ஃபேஸ்புக்கில் போட்டு வசூலிக்கலாமா? இல்லை, மிலாப், கெட்டோ மாதிரி நிதி திரட்டும் தளத்துக்குப் போவது நல்லதா?

நீலா டீச்சர்:
தம்பி, அறந்தாங்கி பக்கம் இதே மாதிரி ஒரு படிப்பகத்துக்கு நான் பொருளாளர். உன் சொந்த நம்பரைப் போடவே போடாதே. உன்மேல் யாருக்கும் சந்தேகம் வராது, சரி. ஆனால் தங்கச்சி சீர்வரிசைக்கு வைத்த பணமும் கூரைக்கு வந்த பணமும் ஒரே கணக்கில் கிடந்தால், நாளைக்கு வருமான வரித் துறை கேட்கும்போது எது யாருடையது என்று நீதான் நிரூபிக்க வேண்டும்.

ஏழு பேர் இருந்தால் போதும், 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சங்கமாகப் பதியலாம். பைலாவை, அதாவது சங்கத்தின் விதிமுறைகளை, நீங்களே உட்கார்ந்து எழுதுங்கள், அடுத்த ஊர்ச் சங்கத்துடையதை அப்படியே நகலெடுக்க வேண்டாம். பிறகு சங்கத்தின் பேரில் பான், வங்கிக் கணக்கு. இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று எழுதிக் கொடுத்துவிடு. க்யூஆர் அந்தக் கணக்குக்கு வாங்கு.

கனடா அண்ணன் விஷயத்தில் கவனம். சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகல் ஒன்று வாங்கி வைத்துக்கொள். குடியுரிமை மாறியவர் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடைதான், வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் சரி. அவர் ஊருக்கு வந்து ரூபாயாகக் கையில் கொடுத்தாலும் சரி. அதை வாங்க எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவுக்கு மூன்று வருடம் இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் பணிகளுக்கு 15 லட்சம் செலவழித்திருக்க வேண்டும், டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் தனிக் கணக்கும் வேண்டும். பதிவு உங்களுக்கு இப்போதைக்கு ஆகாது, 500 டாலருக்காக முன் அனுமதிக்கு அலையவும் வேண்டாம். அவர் அம்மா பேருக்கு அனுப்பி அம்மா கொடுக்கிற மாதிரி காட்டலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதே. பிள்ளைகள் உட்காரும் இடத்துக்கு அப்படி ஒரு பணம் வேண்டாம்.

தளங்களைப் பற்றி: அவசர மருத்துவச் செலவுக்குத் தெரியாதவர்களிடமும் போய்ச் சேர அவை உதவுகின்றன. உன் கூரைக்குக் கொடுக்கப் போகிறவர்கள் உன் ஊர்க்காரர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும்தான். அவர்களை அந்தத் தளம் கூட்டி வராது, நீதான் போன் போட வேண்டும். சில தளங்களில் நன்கொடையோடு 'டிப்' என்று ஒரு தொகை தானாகவே சேர்ந்து நிற்கும், அதையும் பார்த்துக்கொள்.

நாங்கள் முகநூலில் போடும் முன்பே ஊரில் முப்பது நாற்பது பேரிடம் பேசி வாங்கிவிட்டோம். பதிவு வெளியே போனபோது பட்டியலில் ஏற்கெனவே பேர்கள் இருந்தன. காலியாக இருக்கிற பட்டியலில் முதல் ஆளாகப் பேர் போட யாருக்கும் தயக்கம்தான். இன்னொன்று, மொத்தத் தொகையைக் கேட்காதே. ஒரு பெஞ்ச் இவ்வளவு, ஒரு ஃபேன் இவ்வளவு, ஒரு சதுர அடி கூரை இவ்வளவு என்று பிரித்துக் கேள். நடவுக்குப் போகிற அக்கா ஒருத்தி 200 ரூபாய் போட்டுவிட்டு, "என் பங்கு எந்தப் பக்கத்துக் கூரை டீச்சர்?" என்று வந்து பார்த்தாள். அந்த உரிமைதான் படிப்பகத்தை நிறுத்தாமல் காப்பாற்றும்.

கணக்கு விஷயம் உங்கள் பகுதிக்குப் புதிதல்ல. ஆடி மாதம் கீரமங்கலம், வடகாடு, பேராவூரணிப் பக்கம் மொய் விருந்தில் எழுதுகிற நோட்டு எப்படி இருக்கும்? பேர், ஊர், தொகை, ஒருவர் விடாமல். அதேபோல எழுது. மொய்யைத் திருப்பிச் செய்வோம், நன்கொடையைத் திருப்பித் தர மாட்டோம், அதனால் கணக்கையாவது திருப்பித் தர வேண்டும். சிமெண்டு பில், தகரத்துப் பில் எல்லாவற்றையும் படம் எடுத்து வாரா வாரம் வாட்ஸ்அப் குழுவில் போடு. பேர் வெளியே தெரிய வேண்டாம் என்பவருக்கு வெளியில் 'நலம் விரும்பி', உள் நோட்டில் முழு விவரம்.

பிள்ளைகள் முகத்தை மட்டும் போடாதே. ஒழுகுகிற கூரையைப் படம் எடு, அது போதும். நம்மிடம் படிக்கிற பிள்ளையை இரக்கப்பட வைக்கிற பொருளாக யாரும் பார்க்கக் கூடாது.

கணக்கர்:
டீச்சர் சொன்னதோடு ஒன்று. ரசீது கொடுக்கும்போது "80ஜி விலக்கு உண்டு" என்று அச்சடித்துவிடாதீர்கள். சங்கப் பதிவு வேறு, நன்கொடை கொடுப்பவருக்கு வரிச் சலுகை கிடைக்க வருமான வரித் துறையிடம் வாங்கும் 80ஜி அங்கீகாரம் வேறு. அது கிடைத்தாலும் பழைய வரி முறையில் இருப்பவருக்குத்தான் பயன், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் இல்லை. சங்கத்தின் வருமானத்துக்கு வரி விலக்கு வேண்டுமென்றால் அதற்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். வசூல் தொடங்கும் முன் ஆடிட்டர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள்.

கடைமடை:
ரொம்ப நன்றி டீச்சர், நன்றி சார். 2019இல் பேராவூரணி பெரியகுளத்தை இளைஞர்கள் மக்கள் பணத்தில் தூர்வாரியதைப் பார்த்த தைரியத்தில்தான் நாங்களும் இறங்கினோம். ஏழு பேரும் எங்கள் செட்டுப் பசங்களாகவே இருக்கலாமா? கனடா அண்ணனிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்றுதான் சங்கடமாக இருக்கிறது.

நீலா டீச்சர்:
செட்டுப் பசங்க நாலு பேர் போதும். மீதி மூன்று பேரில் இரண்டு பேராவது அங்கே படிக்கிற பிள்ளைகளின் அம்மாக்களாக இருக்கட்டும், பாஸ்புக்கும் அவர்களில் ஒருவரிடம் இருக்கட்டும். கனடா அண்ணனிடம் சட்டத்தை உள்ளபடி சொல், புரிந்துகொள்வார். வாரத்தில் ஒரு சாயங்காலம் வீடியோவில் வந்து பத்தாவது பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேசச் சொல்லித்தரக் கேள். பைலா எழுதியதும் இங்கே போடு, படித்துப் பார்க்கிறேன்.