கொழுப்பு ஏன் பக்கத்து ரத்தக் குழாயை விட்டுவிட்டு நடுவில் இருக்கும் லாக்டியலுக்குப் போகிறது?

கேள்வி:
சிறுகுடலின் உட்சுவரில் விரல் போல நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சியின் படத்தை எத்தனை தடவை பார்த்தாலும் ஒன்று மட்டும் பிடிபடவில்லை. ரத்தத் தந்துகிகள் எபிதீலியத்தை (மேற்பரப்புச் செல் அடுக்கை) ஒட்டியே வலையாக ஓடுகின்றன, லாக்டியல் என்ற நிணநீர்க் குழாயோ நட்டநடுவில். கொழுப்புத் துகள் கிட்டே இருப்பதை விட்டுவிட்டுத் தள்ளி இருப்பதைத் தேடிப் போவானேன்? துகள் பெரியது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். சரி, அந்தப் பெரிய துகள் லாக்டியலுக்குள் மட்டும் எப்படி நுழைகிறது?

பதில் 1:
கைலோமைக்ரான், அதாவது குடல் செல்கள் கட்டி அனுப்பும் கொழுப்புத் துகள், சில நூறு நானோமீட்டர் வரை வரும். தந்துகிச் சுவரில் இருக்கும் துளைகள் அதைவிடச் சிறியவை, வெளியே இடைவெளியில்லாத அடிச்சவ்வு வேறு. லாக்டியலில் அந்த அடிச்சவ்வு அங்கங்கே அறுந்துதான் இருக்கும். அதன் செல்களின் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, சட்டைப் பொத்தான் மாதிரி ஆங்காங்கே மட்டும் இணைந்திருக்கும், நடுவில் உள்ள மடிப்பு வழியாகத் துகள் உள்ளே போகிறது. எலிகளில் இந்தப் பொத்தான்களை ஜிப் போலத் தொடர்ச்சியாக மூடிக்கொள்ளச் செய்தபோது கொழுப்பு உறிஞ்சுவதே குறைந்தது. நடுத்தர நீளக் கொழுப்பு அமிலங்களுக்கு இந்தச் சுற்றே வேண்டாம், அவை நேராகக் கல்லீரலுக்குச் செல்லும் போர்ட்டல் சிரைக்குப் போய்விடும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் உள்ளே போனபின் அதைக் கீழே தள்ளுவது யார் என்பதையும் பார்க்க வேண்டும். லாக்டியலின் நுனி மூடியது, உள்ளே வால்வும் கிடையாது. பக்கத்தில் நீளவாக்கில் ஓடும் மென்தசை இழைகள் சுருங்கிப் பிழிகின்றன. அப்புறம் சளிப்படலத்தின் அடியில் ஒரு நிணநீர்க் குழாய் வலை, அதற்குக் கீழுள்ள சப்மியூகோஸா அடுக்கில் இன்னும் பெரிய வலை, வால்வுள்ள குழாய்கள், பிறகு குடலைத் தாங்கும் மடிப்பான மெசன்ட்ரி. தசை அடுக்குக்குத் தனியாக ஒரு வலை உண்டு, படங்களில் பெரும்பாலும் அதை விட்டுவிடுவார்கள்.

நுண்ணோக்கி ஸ்லைடில் லாக்டியலைத் தேடினால் சுலபமாகக் கிடைக்காது. வெறும் வயிற்றுத் திசுவில் சுருங்கிப்போய் ஒரு கீறல் மாதிரிதான் தெரியும், நிணநீர்க் குழாய்ச் சுவரை அடையாளம் காட்டும் டி2-40 சாயம் போட்டால்தான் நம்பிக்கையாகச் சொல்ல முடியும். 1622-இல் இத்தாலிய மருத்துவர் அசெல்லி ஒரு நாயின் வயிற்றைத் திறந்தபோது கொழுப்பு நிறைந்து வெளுத்த இந்தக் குழாய்களைக் கண்டதற்குக் காரணம், அது அப்போதுதான் வயிறு நிறையத் தின்றிருந்தது!

கேட்டவர்:
பொத்தான் உதாரணத்தில் புரிந்துவிட்டது, நன்றி. பெருங்குடலிலும் இப்படியேதானா?

பதில் 2:
இல்லை. அங்கே குடலுறிஞ்சி கிடையாது, அதனால் லாக்டியலும் கிடையாது. சளிப்படலத்தில் நிணநீர் நாளங்கள் அடிப்பகுதியில், மஸ்குலாரிஸ் மியூகோஸா என்ற மெல்லிய தசை அடுக்கை ஒட்டி மட்டும்தான் இருக்கும். சளிப்படலத்தோடு நின்றுவிட்ட பெருங்குடல் புற்று நிணநீர் முடிச்சுக்குப் பரவுவது மிக அரிது என்பதற்கு இதைத்தான் காரணம் காட்டுவார்கள். சப்மியூகோஸாவைத் தொட்டுவிட்டதா என்று நோயியல் அறிக்கையில் அவ்வளவு கவனமாகப் பார்ப்பதும் அதனால்தான்.